செயலாளர் ஆண்டறிக்கை, 2024: டெட்ராய்ட்டில் நம் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பயிற்சியாளர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். கிளீவ்லாந்தின் கிழக்குப் புறநகர்களில் இருக்கும் யூதப் பிள்ளைகளின் விளையாட்டுக்காக நாம் நடத்திவரும் இந்தச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. குளிர்காலக் கூடைப்பந்துப் போட்டி குறையில்லாமல் நடந்தது. வசந்த காலத்தில் நீச்சல் பயிற்சிக்குக் குளத்தில் மாலை நேரம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது; அடுத்த ஆண்டுக்கு இப்போதே பேசி நேரம் குறித்துவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி ஜூலை இறுதியில் டெட்ராய்ட்டில் நடந்த ஜேசிசி (யூத சமூக மையம்) மக்காபி விளையாட்டுகளுக்கே போனது. அதனால் இந்த அறிக்கையிலும் அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பெற்றோர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இஸ்ரேலில் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்காபியா வேறு, இது வேறு. மக்காபியா 1932இல் டெல் அவிவில் தொடங்கியது. பெரியவர்களும் இளையவர்களும் தத்தம் நாட்டு அணிக்காக ஆடுவார்கள். நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் 1965இல் தம் பதினைந்தாவது வயதில் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டியில் இறங்கியது அங்கேதான். நம் பிள்ளைகள் போவது 1982இல் மெம்பிஸ் நகரில் சுமார் 300 பேருடன் தொடங்கிய போட்டிக்கு. இது பெரும்பாலும் 13 முதல் 16 வயதுள்ளவர்களுக்கானது. ஒவ்வொரு கோடையிலும் வட அமெரிக்காவில் ஏதாவது ஒரு யூத சமூக மையமோ, சில மையங்களோ பொறுப்பேற்று நடத்தும். பிள்ளைகள் வருவது நாட்டின் பெயரில் அல்ல, ஊரின் பெயரில். இஸ்ரேலிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் அணிகள் வரும். பெருந்தொற்றால் 2020லும் 2021லும் போட்டி நடக்கவில்லை. 2022இல் சான் டியேகோவில்தான் மறுபடி தொடங்கியது. இடையில் வயது தாண்டிப் போன பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள். ஒரு தடவைகூடப் போக முடியாமல் போன அவர்களில் சிலர் இந்த ஆண்டு உதவிப் பயிற்சியாளர்களாக வந்தார்கள். அதை நன்றியோடு இங்கே பதிவு செய்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் அணி முழுவதையும் பீச்வுட்டில் இருக்கும் டேவிட் பெர்கர் தேசிய நினைவுச் சின்னத்துக்கு அழைத்துப் போனோம். பெர்கர் நம் ஊர்ப்பிள்ளை. 1944இல் கிளீவ்லாந்தில் பிறந்தவர். கொலம்பியாவில் சட்டம் படித்தவர், பளுதூக்கும் வீரர். 1969 மக்காபியாவில் தங்கம் வென்ற பிறகு இஸ்ரேலுக்கே குடிபெயர்ந்தார். 1972இல் அந்நாட்டுக்காக மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. பாலஸ்தீன ஆயுதக் குழுவினரின் தாக்குதலில் அங்கே கொல்லப்பட்ட இஸ்ரேல் அணியினர் பதினொரு பேரில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 28. நினைவுச் சின்னத்தில் ஐந்து ஒலிம்பிக் வளையங்களும் பாதியாக உடைந்து, பத்து அரைவட்டங்களாக மேல்நோக்கி நிற்கின்றன. அவற்றைத் தாங்கும் அடித்தளம் பதினொரு பகுதிகள் கொண்டது. அதில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து சற்றே மாறியிருக்கும்; அது பெர்கருக்கானது. எது அந்தப் பகுதி என்று பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லவில்லை. தரையில் குந்தி, கையால் தடவித் தடவி அவர்களே கண்டுபிடித்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஜேசிசி மக்காபியின் தொடக்க விழாவில் ஒவ்வொரு ஆண்டும் அந்தப் பதினொரு பேரையும் நினைவுகூர்வார்கள். அணிவகுப்பும் பாட்டும் கூச்சலுமாக இருக்கும் அரங்கம் அப்போது அமைதியாகிவிடும். மியூனிக் நடந்தபோது நம் பிள்ளைகளின் பெற்றோரிலேயே பலர் பிறந்திருக்கவில்லை. முன் ஆண்டுகளில் அந்த நேரத்தில் பிள்ளைகள் நெளிவதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை பெர்கரின் பெயர் வந்தபோது நம் வரிசையில் ஒருவரும் அசையவில்லை. இனி எந்த ஊரில் போட்டி நடந்தாலும், கிளம்புவதற்கு முன் பீச்வுட் போவதை நம் சங்கம் வழக்கமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஈரி ஏரிக் கரையைச் சுற்றி, டொலீடோ வழியாக, பேருந்தில் மூன்று மணி நேரப் பயணம். டெட்ராய்ட் இதற்குப் பழகிய ஊர். 1984லேயே நடத்தியிருக்கிறார்கள், 2014லும் 2019லும் நடத்தினார்கள். வெஸ்ட் புளூம்ஃபீல்டில் உள்ள அவர்களுடைய மையம்தான் போட்டிகளுக்குத் தலைமையிடம். இஸ்ரேல் மீது ஹமாஸ் தாக்குதல் நடத்திய 2023 அக்டோபர் 7க்குப் பிறகு வந்த முதல் கோடை என்பதால் பாதுகாப்பு கடுமையாகவே இருந்தது. பையைச் சோதிக்காமல், அடையாள அட்டையைப் பார்க்காமல் யாரையும் உள்ளே விடவில்லை. பெற்றோர் சிலர் கடைசி வாரம்வரை பிள்ளையை அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்தார்கள். அவர்கள் பயத்தில் தவறே இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் பேசி, என்னென்ன ஏற்பாடு இருக்கிறது என்று எடுத்துச் சொன்ன நம் துணைத்தலைவருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

இனி ஆட்டங்கள். நீச்சலிலும் டேபிள் டென்னிஸிலும் பதக்கங்கள் வந்தன, பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். ஆண்கள் கூடைப்பந்து அணி நன்றாக ஆடியும் அரையிறுதியில் தோற்றது. நான் அதிகம் சொல்ல விரும்புவது கலப்பு அணியைப் பற்றி.

பெண்கள் கால்பந்துக்கு நம்மிடம் இருந்தது இரண்டே பேர். இரண்டு பேரை வைத்து அணி அமைக்க முடியாது. இப்படி ஆள் பற்றாத ஊர்களின் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் அணியாக்கும் ஏற்பாடு இந்தப் போட்டியில் உண்டு. ஆனால் ‘முன்பின் தெரியாதவர்களோடு போய் என்ன விளையாடுவது’ என்று அந்த இரண்டு பெண்களுமே முதலில் தயங்கினார்கள். ஞாயிறு மாலை தொடக்க விழாவுக்கு முன்தான் அந்த அணி முதன்முதலாக ஒன்றுகூடியது. திங்கள் காலை முதல் ஆட்டம். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாததால், ஒட்டுநாடாவில் பெயர் எழுதிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டார்கள். முதல் பாதி முடிவதற்குள் வியர்வையில் பாதி நாடா உரிந்து விழுந்தது. தடுப்பாட்டத்தில் இஸ்ரேலிலிருந்து வந்த ஒரு பெண். அவளுக்குப் பயிற்சியாளர் வேகமாகப் பேசும் ஆங்கிலம் பிடிபடவில்லை. நம் கோல்கீப்பர் தன் ஹீப்ரு வகுப்பில் கற்றதை வைத்து, வலப்பக்கம் என்பதற்கு ‘யமீனா’, இடப்பக்கம் என்பதற்கு ‘ஸ்மோலா’ என்று பின்னாலிருந்து கத்த ஆரம்பித்தாள். இரண்டாம் நாள் மொத்த அணியும் அப்படியே கத்திக்கொண்டிருந்தது. அவர்கள் ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தபோது அவர்கள் போட்ட ஆட்டம் பாட்டத்தைப் பார்த்துப் பக்கத்து மைதானத்திலிருந்தவர்கள் கோப்பையே வென்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். பதக்கத்தைவிட நற்பண்புக்கு மதிப்பு தரும் மிடோட் பதக்கம் என்று ஒன்று உண்டு; அது நம் கோல்கீப்பருக்குக் கிடைத்தது.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்: முழு அணி சேரவில்லை என்பதற்காக இனி எந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. தேர்வில் நன்றாக ஆடுகிறவர்களை மட்டும் அழைத்துப் போய்ப் பதக்கக் கணக்கைக் கூட்டலாம் என்று ஒரு கருத்து நம்மிடையே இருக்கிறது. சொல்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அந்தக் கருத்து எனக்கு ஏற்புடையது அல்ல.

அப்புறம், தங்குமிடம். டெட்ராய்ட்டில் பிள்ளைகளை விடுதியில் வைக்கவில்லை. அந்த ஊர்க் குடும்பங்கள் வீட்டுக்குக் குறைந்தது இரண்டு பேர் என்று ஏற்றுக்கொண்டன. யூத சமய விதிப்படியான கோஷர் உணவு மட்டும் உண்பவர்கள் யார், யாருக்கு நாய் ஒத்துக்கொள்ளாது, யாருக்கு வேர்க்கடலை ஆகாது என்று முன்கூட்டியே கேட்டு, அதற்கேற்ற வீட்டில் சேர்த்தார்கள். காலையில் கொண்டுவந்து விடுவது, மதியப் பொட்டலம் கட்டுவது, இரவில் அழைத்துப் போவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு வீட்டில் அந்தத் தாய் தினமும் இரவு பதினொரு மணிக்கு மேல் நம் பையன்களின் சீருடையைத் துவைத்து, உலர்த்தி, மடித்துக் கட்டிலில் வைத்திருக்கிறார். பையன்கள் இரண்டாம் நாளிலிருந்து தாங்களே சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பாத்திரம் கழுவி வைத்தார்கள் என்று அந்தத் தாய் எனக்கு எழுதியிருந்தார். வீட்டில் ஒரு தட்டை எடுத்து வைக்காத பையன்கள் அவர்கள் என்று அவர்களுடைய அம்மாக்கள் சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம். அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றிக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது.

வாரத்தின் நடுவே அரைநாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சமூகப் பணிக்குப் போக வேண்டும். இதில் பிள்ளைகள் முனகுவது வழக்கம். இந்தத் தடவை உணவுப் பொட்டலம் கட்டும் வேலை. யார் வேகமாகக் கட்டுகிறார்கள் என்று அவர்களே போட்டி வைத்துக்கொண்டதால் நேரம் போனதே தெரியவில்லை. ஊர்ப் பெயர் பொறித்த சட்டைப் பின்களை மாற்றிக்கொள்வதும் மும்முரமாக நடந்தது. நாம் கொடுத்தனுப்பிய பின்கள் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிட்டன. அடுத்த முறை கூடுதலாக அடித்துக்கொள்ள வேண்டும்.

செலவு பற்றி ஒரு சொல். பதிவுக் கட்டணம், சீருடை, பேருந்து எல்லாம் சேர்த்தால் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கையைக் கடிக்கும். உதவி கேட்டு வந்த எந்தக் குடும்பத்தையும் நாம் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் கேட்கக் கூச்சப்பட்டு விலகிக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். விண்ணப்பப் படிவத்திலேயே, பெயர் வெளியே தெரியாமல் உதவி கோர ஒரு கட்டம் வைக்கலாம் என்று முன்மொழிகிறேன்.

2025இல் பிட்ஸ்பர்க். நமக்கு இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம். அங்கே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில், மாணவர் விடுதியில் எல்லோரும் ஒன்றாகத் தங்குவது போல் ஏற்பாடு. விருந்தோம்பல் குடும்பங்களைத் திரட்ட முடியாத ஊர்களும் போட்டி நடத்த இது வழிசெய்யும், சரி. இருந்தாலும் ஒரு வீட்டுக்குள் போய், அந்த வீட்டு ஒழுங்கில் ஒரு வாரம் இருந்து பழகும் வாய்ப்பு விடுதியில் கிடைக்காது. அதற்கு ஈடாகப் பிட்ஸ்பர்க் அணியையோ வேறு ஓர் ஊர் அணியையோ வசந்த காலத்தில் இங்கே வரவழைத்து, நம் வீடுகளில் இரண்டு இரவு தங்கவைத்து, நட்புப் போட்டிகள் நடத்தலாம். இடம் தரக்கூடியவர்கள் இன்றே வாசலில் உள்ள ஏட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வுப் பயிற்சி ஜனவரியில் தொடங்குகிறது. பெண்கள் கால்பந்துக்கு இப்போது அந்த இருவரோடு இன்னும் சிலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பயிற்சியாளர்தான் தேவை. பொருளாளரின் கணக்கோடு சேர்த்து இவ்வறிக்கையையும் பேரவை ஏற்று ஒப்புதல் அளிக்கும்படி வேண்டுகிறேன்.

செயலாளர்