மென்பொருள் பேசும் பேரத்திலும் பணம் தர 45 நாள்தான் எல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பராமரிப்பு, போக்குவரத்து, கணினிச் சேவை போன்றவற்றை வாங்கும்போது மென்பொருள் முகவரையே, அதாவது நிறுவனத்தின் சார்பில் தானாகப் பேசும் நிரலையே, பேரம் பேசவிடும் வழக்கம் பெரிய நிறுவனங்களிடையே தொடங்கிவிட்டது. இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரத்தின் சாமர்த்தியத்தையே வியக்கிறார்கள். கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், வாங்கும் நிறுவனம் அந்த முகவருக்குள் எழுதிவைக்கும் தொடக்க விலை, உச்ச விலை, கெடு, விட்டுக்கொடுக்கும் வேகம் ஆகியவற்றின்மீதே நம் கவனம் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

ஒரு நிறுவனம் தன் ஏசி கருவிகளின் ஓராண்டுப் பராமரிப்புக்கு 3.5 லட்சம் ரூபாயில் பேச்சைத் தொடங்கலாம், 5 லட்சம் வரை போகலாம், 10 நாளில் முடிக்க வேண்டும் என்று முகவருக்குச் சொல்லியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசிவரை பிடிவாதம் காட்டும் உத்தியை, கழிந்த காலத்தின் விகிதத்தை ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தி, இடைவெளியான 1.5 லட்சத்தை அதனால் பெருக்கித் தொடக்க விலையோடு கூட்டும் சூத்திரமாக எழுதினால், ஐந்தாம் நாள் முடிவில் அது தர முன்வரும் தொகை சுமார் 3,54,700 ரூபாய்தான். ஒன்பதாம் நாள் முடிவில் 4,38,600ஐ எட்டும். கெடு முடியும் தறுவாயில் 5 லட்சத்துக்கே வந்துவிடும். அதே வரம்புகளுக்குள், அடுக்குக்குப் பதிலாக ஐந்தாம் மூலத்தைப் போட்டு விரைந்து விட்டுக்கொடுக்கச் செய்தால் ஐந்தாம் நாளிலேயே 4,80,600 ரூபாய் கிடைக்கும். எதிர்ப்பக்கம் இருக்கும் சிறு ஒப்பந்ததாரருக்குக் கெடுவும் தெரியாது, எந்த உத்தி ஓடுகிறது என்பதும் தெரியாது. நாலைந்து நாள் அசையாத விலையைப் பார்த்துவிட்டு, வேலை கைநழுவிவிடுமோ என்று அவர்தான் தன் விலையைக் குறைத்துக்கொண்டே போவார்.

இந்தப் பிடிவாத உத்தியை ஆய்வாளர்கள் பௌல்வேர் உத்தி என்கிறார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்த லெமுவல் பௌல்வேர், தொழிற்சங்கங்களிடம் ஒரே முறை சொல்லிவிட்டு அதிலேயே நிற்கும் வழியை வகுத்தவர். 1960ஆம் ஆண்டுப் பேச்சுவார்த்தையில் அந்நிறுவனம் நடந்துகொண்ட விதம் நல்லெண்ணப் பேரம் ஆகாது என்று அமெரிக்காவின் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 1964இல் முடிவு செய்தது. எதிராளி எவ்வளவு இறங்குகிறாரோ அவ்வளவே தானும் ஏறும் உத்தியும் உண்டு. எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது, ஆனால் கொள்முதல் மேலாளர்கள் அதை விரும்புவார்களா என்பது சந்தேகம்.

சேவைகளை வாங்குவதில் விலையோடு பேரம் முடிவதில்லை. கனடாவில் வால்மார்ட் நிறுவனம் 2021இல் தொடங்கிய சோதனை முயற்சியில், பேக்டம் நிறுவனத்தின் மென்பொருள் 64 சதவீத சப்ளையர்களிடம் உடன்பாடு கண்டது. அதில் கிடைத்த சராசரிச் சேமிப்பு 1.5 சதவீதம்தான், ஆனால் பணம் கொடுக்கும் கெடுவும் சராசரியாக 35 நாளுக்கு நீண்டது. பணம் பெறும் கெடுவில் சப்ளையரை விட்டுக்கொடுக்கவைப்பது முகவருக்கு எளிது என்பதே இதில் நாம் காண வேண்டியது.

நம் நாட்டில் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்குவோர், எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருந்தாலும், பணம் தர 45 நாளுக்கு மேல் தவணை வைக்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது; மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. வெளிநாட்டில் எழுதப்பட்ட முகவருக்கு இந்தச் சுவர் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு சதவீதம் கூடுதலாகத் தருகிறேன், 90 நாளில் பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அது கேட்கும். நெருக்கடியில் இருக்கும் ஒப்பந்ததாரர் சரி என்றும் சொல்லிவிடுவார். பிறகு வழக்கு வந்தால், கணினி தானாகச் செய்தது என்று நிறுவனம் தப்பிக்க இடமில்லை. தானாக இயங்கும்படி ஒருவர் அமைத்த கணினியமைப்பு அனுப்பும் செய்தி அவர் அனுப்பியதாகவே கொள்ளப்படும் என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 11ஆம் பிரிவில் கூறுகிறது.

எனவே, குறு, சிறு நிறுவனங்களுடன் பேரம் பேசும் எந்த மென்பொருளிலும் 45 நாள் என்பது மாற்ற முடியாத வரம்பாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றும், பேசுவது இயந்திரம் என்பதையும் பேச்சு முடியும் தேதியையும் முதல் செய்தியிலேயே தெரிவிக்க வேண்டும் என்றும் மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் அறிவுறுத்த வேண்டும். உச்ச விலையை வெளியிடச் சொல்லவில்லை; அது வாங்குபவரின் உரிமை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொள்முதல் அலுவலர்,
கோயம்புத்தூர்.