பட்டர்கிரீம் வெள்ளையா வரணும்னா

ஏய், எப்படி இருக்க? பொண்ணோட நிச்சயதார்த்த கேக்கை நீயே உன் கையால பண்ணப் போறேன்னு எழுதியிருந்தியே, படிச்சதும் அவ்ளோ சந்தோஷம் எனக்கு, யார் என்ன சொன்னாலும் அந்த முடிவை மட்டும் மாத்திக்காத. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அவருக்கு முட்டி வலி இப்ப பரவால்ல, சின்னவன் வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டான்.

சரி உன் பட்டர்கிரீம் விஷயத்துக்கு வர்றேன், கேக் மேல தடவுற அந்த வெண்ணெய் ஐசிங் மஞ்சளாவே வருதுன்னு எழுதியிருந்த. அந்த மஞ்சள் பசு தின்ன புல்லுல இருக்குற பீட்டா கரோட்டின்டி, அது பால் கொழுப்புல கலந்து வெண்ணெய்க்கு வந்துடுது, எருமை அதை வைட்டமின் ஏ-வா மாத்திடுறதால எருமை வெண்ணெய் இயல்பாவே வெள்ளையா இருக்கும். கிடைச்சா அதுலயே பண்ணு, ஆனா உப்பில்லாததா பாத்து வாங்கு.

பசு வெண்ணெய்தான் இருக்குன்னாலும் பரவால்ல, சர்க்கரை போடுறதுக்கு முன்னாடி வெண்ணெயை மட்டும் தனியா நல்லா அடிக்கணும், எல்லாரும் அவசரப்படுற இடம் இதுதான். ரெண்டு நிமிஷம் அடிச்சுட்டு சர்க்கரையைக் கொட்டிடுறாங்க, எட்டு பத்து நிமிஷமாவது பீட்டர் ஓடணும், நடுநடுவுல நிறுத்தி பாத்திரத்தோட ஓரத்தை வழிச்சு விடணும், உள்ள காத்து ஏற ஏற குட்டிக் குட்டி குமிழா நிறைஞ்சு வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அப்பதான் கண்ணுக்கு வெளுப்பாத் தெரியும். வெண்ணெய் 18, 20 டிகிரில இருக்கணும், விரலால அழுத்துனா குழி விழணும் ஆனா பளபளன்னு எண்ணெய் கசியக் கூடாது, உருகிப் போச்சுன்னா காத்தே நிக்காது.

அப்புறம் 250 கிராம் வெண்ணெய்க்கு 500 கிராம் ஐசிங் சுகர், சலிச்சு கொஞ்சம் கொஞ்சமா போடு, ஒரு சிட்டிகை உப்பு, தேவைப்பட்டா ஒண்ணு ரெண்டு ஸ்பூன் பால். வெனிலா எசன்ஸ் நிறமில்லாததா இருக்கணும், பழுப்பு நிறத்துல இருக்கறதை ஊத்துனா இவ்ளோ நேரம் அடிச்சதெல்லாம் வீணாயிடும்.

அப்பவும் லேசா மஞ்சள் தெரிஞ்சா வெள்ளைத் துணிக்கு நீலம் போடுற மாதிரி வயலெட் ஃபுட் கலர் ஜெல்லை பல்குச்சி நுனில துளி தொட்டுக் கலக்கு, மஞ்சளை அது அமுக்கிடும், கூடிப்போனா சாம்பல் கலராயிடும் அதனால பகல் வெளிச்சத்துல பாத்துப் பாத்து சேரு. வெள்ளை ஃபுட் கலர் வேண்டவே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், நிறைய பிராண்டுல டைட்டானியம் டையாக்சைடுங்கிற வெள்ளை நிறமி இருக்கும், ஐரோப்பிய யூனியன்ல 2022லயே அதை சாப்பாட்டுல சேர்க்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. ஷார்ட்டனிங்ல, அதான் வனஸ்பதி மாதிரி கெட்டியான வெள்ளைக் கொழுப்புல பண்ணா பளிச்சுன்னு வெள்ளையா வரும், வெயிலுக்கும் சீக்கிரம் இளகாது, ஆனா ருசியே இல்லடி, நாக்குல எண்ணெயா ஒட்டும், ரொம்ப சூடான இடத்துல கேக் வைக்கணும்னா வெண்ணெயோட பாதிக்குப் பாதி கலந்துக்கோ அதுக்கு மேல வேண்டாம்.

கடைசில பீட்டரை ரொம்ப மெதுவா வச்சு ரெண்டு நிமிஷம் ஓட விடு, பெரிய குமிழெல்லாம் உடைஞ்சு கேக் மேல தடவும்போது வழவழன்னு வரும். முந்தின நாளே பண்ணி ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம், வெளிய எடுத்து நல்லா இளகுன அப்புறம் மறுபடி அடிச்சுட்டுத் தடவு.

இன்னொரு வகை இருக்கு, முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் கொதிக்கிற தண்ணி ஆவில 71 டிகிரி வரைக்கும் கிண்டி சூடாக்கி, கெட்டியா நுரைக்க அடிச்சு ஆற வச்சு, அதுல வெண்ணெயைத் துண்டு துண்டா சேர்க்குற ஸ்விஸ் மெரிங் பட்டர்கிரீம். நடுவுல திரிஞ்ச மாதிரி தெரியும், பயப்படாம அடிச்சுக்கிட்டே இரு கூடிடும். இனிப்பும் கம்மி, நிறமும் முதல்ல சொன்னதைவிட வெள்ளை, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். விசேஷத்துக்கு வர்றவங்கள்ல முட்டை சாப்பிடாதவங்க இருக்காங்களான்னு மட்டும் கேட்டு உடனே எழுது, அதை வச்சு எதுன்னு முடிவு பண்ணிக்கலாம்.