ஸ்டுட்கார்ட்டிலிருந்து அப்பாவுக்கு

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி
12 அக்டோபர் 2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கு நான் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல். ஆயுத பூஜையன்று நம் பட்டறையில் லேத்துகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து எடுத்த படங்களைத் தங்கை அனுப்பியிருந்தாள். அவற்றில் ஒன்றில், பழைய லேத்துக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் வேலைப் பதிவேடு ஓரமாகத் தெரிந்தது. அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சொல்ல வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஒவ்வொரு வாரமும் நீங்கள் என் வேலை தேடலைப் பற்றிக் கேட்கும்போது, எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றே சொல்லி வந்தேன். ஆகஸ்ட் மாதத்தில் நான் சொன்னது உண்மையல்ல, அப்பா. அந்த மாதம் முழுவதும் காலை பத்து மணி வரை படுக்கையைவிட்டு எழாமல் கிடந்த நாட்கள்தான் அதிகம். அம்மாவின் அழைப்பை எடுக்காமல், கிடங்கில் வேலையாக இருந்தேன் என்று பிறகு சொன்னதும் பொய்தான். என்னை மன்னித்துவிடுங்கள்.

நான் வந்திருக்கும் விசாவின் தன்மையை உங்களுக்கு ஒருமுறைகூடத் தெளிவாகச் சொன்னதில்லை. வாய்ப்பு அட்டை என்று பொருள்படும் ‘ஷான்சன்கார்ட்டே’ என்ற இந்த ஏற்பாட்டை ஜெர்மனி 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குறைந்தது 6 புள்ளிகள் இருந்தால், வேலை கையில் இல்லாமலேயே இங்கு வந்து ஓராண்டு வரை தங்கித் தேடலாம். பம்ப் கம்பெனியில் பார்த்த ஆறு வருட வேலைக்கு 3, முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பதற்கு 2, ஏ2 என்னும் தொடக்க நிலை ஜெர்மன் மொழிக்கு 1 என்று எனக்குச் சரியாக ஆறு கிடைத்தது. நீங்கள் கடன் வாங்கிக் கொடுத்த பணம் ஒரு முடக்கப்பட்ட கணக்கில் இருக்கிறது. அதிலிருந்து மாதம் 1,091 யூரோ மட்டும் என் கைக்கு வரும். வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம் என்பதால் மூன்று மாலைகள் ஒரு காய்கறிக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். ஏப்ரலில் வந்தேன், வரும் ஏப்ரலோடு அந்த ஓராண்டு முடிகிறது. நாட்கள் எண்ணப்பட்டிருக்கின்றன என்ற நினைப்பே சில காலைகளில் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

ஆகஸ்டில் நேர்ந்தது இதுதான். இந்த மாநிலத்தில் பள்ளிக் கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் நடுப்பகுதி வரை நீள்கிறது. நேர்காணலுக்கு அழைக்க வேண்டியவர்களில் பாதிப்பேர் அப்போது ஊரில் இருப்பதில்லை. அது எனக்குத் தெரியாது. சில நாட்களில் நான்கு, ஐந்து என்று ஒரே விண்ணப்பத்தைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பிவிட்டு, அரைமணிக்கு ஒருமுறை மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவை எல்லாம் ‘லைடர்’ என்று தொடங்கின. துரதிர்ஷ்டவசமாக என்று பொருள். பிறகு அந்த ஒரு சொல்லைக் கண்டதும் மேலே படிக்காமல் அழிக்கத் தொடங்கினேன். எந்த நிறுவனத்துக்கு எதை அனுப்பினேன் என்பதே தெரியாமல் போயிற்று. செப்டம்பரில் ஒரு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்கள் எந்த வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மறுமுனையில் இருந்தவருக்கும் அது புரிந்துவிட்டது.

அன்றிரவுதான் உங்கள் பதிவேடு நினைவுக்கு வந்தது. வார்ப்பைக் கடைசல் பிடிக்கும்போது குறை தெரிந்தால் நீங்கள் அதைக் கோபத்தோடு தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை. சாக்பீஸை எடுத்து அதன்மேலேயே, காற்றுக்குழி விழுந்திருந்தால் ‘ப்ளோஹோல்’, மற்றவற்றில் ‘சைஸ் குறைவு’, ‘செட்டிங் தப்பு’ என்று எழுதித் தனியாக அடுக்கி வைப்பீர்கள். சனிக்கிழமை மாலை அந்த அடுக்கை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுவீர்கள். ப்ளோஹோல் அதிகமென்றால் வார்த்துக் கொடுத்த ஃபவுண்டரிக்குச் சொல்லி அனுப்புவீர்கள்; செட்டிங் தப்பு அதிகமென்றால் திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக நீங்களே லேத்தைச் சரிபார்ப்பீர்கள். பிறர் குறை எது, நம் கைக்குறை எது என்று பிரித்துவிடுவதால்தான் உங்களால் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்க முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நானும் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். அழித்த மின்னஞ்சல்களையெல்லாம் குப்பைத் தொட்டியிலிருந்து மீட்டு, தேதி, நிறுவனம், எந்த வேலை, யாரிடம் பேசினேன், என்ன பதில், என்ன காரணம் என்று எழுதி முடிக்க இரண்டு நாளானது. 73 விண்ணப்பங்கள். 38 மறுப்பு, 29 பதிலே இல்லை, 6 நேர்காணல். இந்த ஆறு நேர்காணல்களில் நான்கு, என் ஜெர்மன் போதாததால் நின்றுபோயிருந்தன. எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதால் பயனில்லை என்பதை அந்தப் பக்கம் எனக்குக் காட்டியது. இப்போது வாரத்துக்கு ஐந்து விண்ணப்பங்களுக்கு மேல் அனுப்புவதில்லை. மீதி நேரம் மொழிக்கு. மாநகரின் வயதுவந்தோர் கல்விக்கூடத்தில், ஏ2வுக்கு அடுத்த நிலையான பி1 வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.

மொழிக்குறை எப்படிப்பட்டது என்பதை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். இந்த விசாவில் ஒரு நிறுவனத்தில் இரண்டு வாரம் வரை சோதனை வேலை பார்க்கலாம். அருகிலுள்ள எஸ்லிங்கன் ஊர்ப் பக்கம் எட்டு இயந்திரங்கள் கொண்ட ஒரு கடைசல் பட்டறையில் எனக்கு இரண்டு நாள் கொடுத்தார்கள். முதல் நாள் இருபது புஷ்களும் ஒரு மைக்ரோமீட்டரும் தந்து அளக்கச் சொன்னார்கள். மூன்றில் விளிம்பில் பிசிறு இருந்ததால் அளவு தப்பாகக் காட்டியது. கல்லால் தேய்த்துத் துடைத்து மறுபடியும் அளந்தேன். ஒன்று தேறியது, இரண்டைக் கழித்தேன். முதலாளி அந்த மூன்றையும் தாமே அளந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நீங்கள் அசைப்பதைப் போலவே இருந்தது. மறுநாள் ஷிப்டு மாறும்போது ஒரு பணியாளர் இந்த வட்டாரப் பேச்சில் வேகமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் புரியவில்லை, ஆனாலும் புரிந்ததுபோல் தலையாட்டினேன். ஓடிக்கொண்டிருக்கும் துண்டு முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, வெட்டும் டூல் பிட்டை மாற்றச் சொல்லியிருக்கிறார். கால் மணி நேரத்தில் பன்னிரண்டு புஷ்கள் அளவு கூடி வீணாயின. ‘கை நன்றாக இருக்கிறது, காதுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்’ என்று முதலாளி மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். நோட்டில் அந்த வரிக்கு எதிரே ‘செட்டிங் தப்பு’ என்று எழுதினேன். அன்று முதல், புரியாத இடத்தில் தலையாட்டாமல், மறுபடியும் மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்கப் பழகிவருகிறேன்.

நாள் ஒழுங்கும் இப்போது வந்துவிட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பது மணிக்கு மாநகர நூலகம் திறக்கும்போது வாசலில் நிற்பேன். உள்ளும் புறமும் ஒரே சாம்பலும் வெண்மையுமாக, சதுரப் பெட்டிபோல 2011இல் திறந்த கட்டடம் அது. அதை வடிவமைத்தவர் கொரியாவிலிருந்து வந்து இந்நாட்டில் தங்கிவிட்ட யுன் யங் யீ. நான்கு பக்கச் சுவர்களிலும் நூலகம் என்ற சொல்லை ஜெர்மன், ஆங்கிலம், அரபு, கொரிய மொழிகளில் பொறித்திருக்கிறார்கள். கொரிய எழுத்து இருக்கும் பக்கமாக நுழைவதில் எனக்கு ஒரு தனிப் பிரியம். ஒரு மணிக்கு நோட்டை மூடிவிடுவேன். அதற்குப் பிறகு மின்னஞ்சலைத் திறப்பதில்லை என்பதே எனக்கு நானே போட்டுக்கொண்ட விதிகளில் மிகக் கடினமானது. மிகுந்த பலன் தந்ததும் அதுவே. நடந்து வரும் வழியில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: ராபர்ட் போஷ் 1886இல் இதே ஊரில், ஒரு வீட்டின் பின்கட்டில் இரண்டே ஆட்களோடுதான் பட்டறை வைத்தார். நம் பட்டறையிலும் நீங்களும் இரண்டு பேரும்தானே.

உங்களால் ஆக வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. இங்கே வேலைச் சான்றிதழை எழுத்தெண்ணிப் படிக்கிறார்கள். செய்த வேலைகளை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு, கடைசியில் ‘முழுத் திருப்தி’ என்று எழுதியிருந்தால் ஒரு மதிப்பு, ‘எப்போதும் மிக முழுமையான திருப்தி’ என்று இருந்தால் அதைவிட உயர்ந்த மதிப்பு என்று அவர்களுக்குள் ஒரு மரபு இருக்கிறது. நம் ஊர்ச் சான்றிதழில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் நன்னடத்தையும்தானே இருக்கும். அதைக் கண்டு இவர் ஒன்றும் செய்யவில்லை போலும் என்று எண்ணிவிடுகிறார்கள். பழைய மேலாளரிடம் பேசிவிட்டேன். நான் பம்பின் சுழலும் பாகமான இம்பெல்லரின் பரிசோதனைப் பிரிவில் செய்தவற்றை விரிவாக எழுதிப் புதிய கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் வியாழக்கிழமைக்குள் நேரில் போய் வாங்கி, கையெழுத்தும் தேதியும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து, தங்கையிடம் கொடுத்து ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். 22ஆம் தேதி, தீபாவளி கழிந்த புதன்கிழமை, எனக்கு ஒரு நேர்காணல் இருக்கிறது. அதற்கு முன்பே அது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் கேட்கும்போது அந்த வாரத்துப் பக்கத்தை அப்படியே படித்துக் காட்டுகிறேன். தீபாவளியன்று காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் அம்மாவை அழைக்கச் சொல்லுங்கள். இங்கே விடிந்திருக்காது, ஆனாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்