செடி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நாற்றுப்பண்ணைக்குப் போனதும் பூத்துக் குலுங்கும் செடியைத்தான் கை தேடுகிறது. ஆனால் பூ குறைவாகவும் மொட்டும் புதுத் தளிரும் மிகுதியாகவும் உள்ள செடியே புதிய இடத்தில் எளிதாக வேர்பிடிக்கும் என்பதால், அதையே தேர்ந்தெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், நரம்போரம் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சியோ, தொட்டவுடன் பறக்கும் வெள்ளை ஈயோ இருப்பது தெரிந்துவிடும். பண்ணையாளர் அனுமதித்தால், செடியைத் தொட்டியிலிருந்து மெல்லச் சரித்து வேரையும் பாருங்கள். வேர் வெளிர்நிறமாக, உறுதியாக இருப்பது நல்லது. பழுப்பேறிக் குழைந்து நாற்றமடித்தால் அது வேரழுகல். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்களை நடும்போது பிரித்துவிட வேண்டும்.

வாங்கிவந்த செடியை 2 வாரமாவது மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். (அவசரப்பட்டு உடனே சேர்த்துவைத்து, ஒரே ஒரு செம்பருத்தியால் வரிசை முழுவதற்கும் மாவுப்பூச்சியைப் பரப்பியவன் நான்.)

நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றாமல், விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்படாதபோது மட்டும் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றவும். மண் ஈரமாக இருந்தும் இலை வாடினால், மேலும் தண்ணீரோ உரமோ இடாமல் முதலில் வேரைச் சோதிக்கவும்.