வெப்பநிலை சொல்லாத சாதனை எண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீணாகும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் குறைக்கடத்திச் சேர்மங்களைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, டின் செலினைடையும் வெள்ளி ஆன்டிமனி டெலுரைடையும் 'தகுதி எண் 2.6' என்று ஒரே தட்டில் வைத்திருந்தது. ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு நன்றாக மின்சாரமாக்கும் என்பதைக் காட்டும் அந்த எண் எந்த வெப்பநிலையில் கிடைத்தது, எந்தத் தனிமம் மாசாக, அதாவது மின்பண்பை மாற்றச் சிறிதளவில், சேர்க்கப்பட்டது என்ற இரண்டையும் கட்டுரை சொல்லவில்லை.

2014இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு டின் செலினைடு ஒற்றைப் படிகத்தில் 2.6 கண்டது உண்மையே. ஆனால் அது 923 கெல்வினில், அதாவது 650 டிகிரி செல்சியசில், படிகத்தின் ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் கிடைத்தது. மாசூட்டப்படாத அந்தப் படிகத்தில் மின்னோட்டத்தைச் சுமக்கும் மின்னூட்ட ஊர்திகள் மிகக் குறைவு என்பதால், அறை வெப்பநிலையில் அது பெரிதாக எதற்கும் உதவாது. பிறகு 2016இல் அதில் சிறிதளவு சோடியம் சேர்க்கப்பட்டது. டின் அணு இருக்க வேண்டிய இடத்தில் சோடியம் அமர்ந்தால் எலக்ட்ரான் குறைந்து, நேர்மின் ஊர்திபோல் நகரும் காலியிடமான துளை உண்டாகிறது. உச்ச மதிப்பு 773 கெல்வினில் 2.0 அளவுக்கு இறங்கியது. ஆயினும் 300 கெல்வினிலேயே ஏறத்தாழ 0.7 கிடைத்தது. வெப்பமின் கருவியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருப்பதால், இடைப்பட்ட வெப்பநிலைகள் அனைத்திலும் அந்தப் பொருள் வேலை செய்தாக வேண்டும். ஆகவே உச்ச எண் குறைந்த இந்தப் படிகமே கருவிக்கு உகந்தது. சாதனை எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது பின்னடைவாகத்தான் தெரியும்.

வெள்ளி ஆன்டிமனி டெலுரைடின் கதை வேறு. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் கனிஷ்கா பிஸ்வாஸ் குழுவினர் 2021இல் அதில் காட்மியத்தைச் சேர்த்து, 573 கெல்வினிலேயே 2.6ஐ எட்டினர், அறை வெப்பநிலையில் 1.5. வெள்ளியும் ஆன்டிமனியும் தாறுமாறாக இடம் பிடித்திருந்த படிக அணு அடுக்கில், காட்மியம் வந்ததும் சில நானோமீட்டர் அளவில் ஓர் ஒழுங்கு பிறக்கிறது. மின்னோட்டம் எளிதாகிறது, வெப்பத்தைச் சுமக்கும் அதிர்வுகளோ அதே நானோ பகுதிகளில் சிதறிப்போகின்றன. முந்தையதைவிட 350 டிகிரி குறைந்த வெப்பநிலையில் கிடைத்த இந்த 2.6ஐ அதற்குச் சமம் என்பது எப்படிப் பொருந்தும்?

மாசு கூடக்கூட நல்லது என்றும் வாசகர் எண்ணிவிடக் கூடாது. ஊர்திகள் பெருகினால் மின்கடத்துதிறன் உயரும். ஆனால் வெப்பநிலை வேறுபாட்டால் எழும் சீபெக் மின்னழுத்தம் சரியும், ஊர்திகளே வெப்பத்தையும் சுமந்து செல்லும். பிளஸ் டூ மாணவர் மாசூட்டலை டயோடு, டிரான்சிஸ்டர் போன்றவற்றுக்காகவே படிப்பதால், இந்த இழுபறி அவருக்குப் புதிதாகவே இருக்கும்.

இனி இத்தகைய செய்திகளில் தகுதி எண்ணுடன் வெப்பநிலை, சேர்த்த தனிமம், பொருள் துளைகளால் கடத்தும் பி வகையா, எலக்ட்ரான்களால் கடத்தும் என் வகையா என்ற விவரங்களையும் அச்சிட வேண்டுகிறேன். கருவிக்கு இரு வகையும் இணையாகத் தேவை என்பதால், கடைசி விவரத்தைத் தவிர்க்க இயலாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கரூர்.