ரீபூட்டோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள்: கெர்னல் கம்பைல் சொல்லித்தருவோருக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலைக் கம்பைல் செய்ய (மூலநிரலிலிருந்து இயங்கும் நிரலாக மாற்ற) கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், அதற்குத் தமிழில் வழிகாட்டி எழுதும் நண்பர்களுக்கும் வணக்கம்.

செய்முறைக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முடிகின்றன. மூலநிரலை இறக்கு, கான்ஃபிக் செய், மேக் கொடு, இன்ஸ்டால் செய், ரீபூட். மாணவர் மாட்டிக்கொள்வது அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகுதான். 'கெர்னல் பேனிக்' (இனி தொடர முடியாது என்று கெர்னல் நின்றுவிடும் நிலை) என்று காட்டிவிட்டுத் திரை உறைந்ததும், உபுண்டுவை மறுபடி நிறுவ உட்கார்ந்துவிடுகிறார். அதற்கு அவசியமே இல்லை. பழைய கெர்னல் பூட் டைரக்டரியில் அப்படியே இருக்கிறது. எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே வந்துவிடலாம். மெனு தெரியாவிட்டால், கணினி எழும்போது, அதன் ஃபர்ம்வேர் (தொடக்க மென்பொருள்) யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப் விசை, பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட். கம்பைல் தொடங்கும் முன்பே இதை ஒருமுறை செய்துகாட்டுங்கள்.

அடுத்து, திரையைப் பேசவிடுங்கள். கிரப் மெனுவில் புதிய கெர்னலின் மேல் நின்று ஈ விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியிலிருந்து செய்திகளை மறைக்கும் 'கொயட் ஸ்பிளாஷ்' இரண்டையும் நீக்கி, எல்லாச் செய்திகளையும் காட்டும் 'இக்னோர்_லாக்லெவல்' சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தச் சொல்லுங்கள். மேலே ஓடிப்போன வரிகளை ஷிஃப்ட்-பேஜ்அப் அழுத்திப் பார்க்கலாம் என்று பல குறிப்புகளில் இன்னும் இருக்கிறது. அந்த வசதி 2020-இல் கெர்னலிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. கைபேசியில் காணொளி எடுத்துவைப்பதுதான் இப்போது எளிய வழி.

இனி அந்தப் புகழ்பெற்ற வரி: 'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)'. இயங்குதளம் இருக்கும் ரூட் கோப்பு முறைமையை மவுன்ட் செய்ய (இணைக்க) முடியவில்லை என்பது இதன் பொருள். பாதிப்பேர் இதை வட்டு கெட்டுவிட்டது என்று படிக்கிறார்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்களில்தான் விடை இருக்கிறது. 0,0 என்றால் ரூட் வட்டு எது என்றே கெர்னலுக்குத் தெரியவில்லை. 8,2 என்றால் எஸ்டிஏ2 பார்ட்டிஷனைக் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் அதிலுள்ள கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியவில்லை. எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் கெர்னலுக்குள் கட்டப்படாமல் மாட்யூலாக (தேவைப்படும்போது தனியே ஏற்றும் கோப்பாக) போயிருக்கும், அல்லது விடுபட்டிருக்கும்.

0,0 வந்தால் சற்று மேலே, கெர்னலுக்குத் தெரிந்த பார்ட்டிஷன்களின் பட்டியலைப் பாருங்கள். வட்டின் பெயரே இல்லையென்றால் வட்டுக் கன்ட்ரோலரின் டிரைவர் இல்லை. வட்டு இருந்தும் 0,0 என்றால் பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டை மவுன்ட் செய்யும் முன் நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பு முறைமை) ஏறவில்லை. 'ரூட்=யூயூஐடி' (கோப்பு முறைமையின் அடையாள எண்) என்று கொடுத்ததைப் புரிந்துகொள்வது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்; கெர்னலுக்கு அது தெரியாது. கெர்னலுக்கு நேரடியாகத் தெரிந்தது பார்ட்யூயூஐடி, அதாவது பார்ட்டிஷனின் அடையாள எண். அந்த எண் அதே பட்டியலில் பார்ட்டிஷனுக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்.

இனிட்ராம்எஃப்எஸ் ஏறியும் பயன்படாமல் போவதற்கு உங்கள் குறிப்புகளே காரணமாவதும் உண்டு. 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' முதலில், 'மேக் இன்ஸ்டால்' பிறகு. உபுண்டுவிலும் டெபியனிலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்குவது இரண்டாவது கட்டளைதான். வரிசை மாறினால் அந்த நேரத்தில் மாட்யூல்கள் இருக்காது, டிரைவரே இல்லாத இனிட்ராம்எஃப்எஸ் உருவாகும். அப்போது பேனிக் வராது. 'யூயூஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்று சொல்லி பிஸிபாக்ஸ் என்ற சிறிய அவசரகாலக் கட்டளை ஷெல்லில் விட்டுவிடும். அங்கே 'பிஎல்கேஐடி' கொடுத்தால் வட்டு தெரிகிறதா என்று உடனே புரியும்.

இன்னொன்று, டீபக் தகவலோடு நிறுவப்பட்ட மாட்யூல்களால் இனிட்ராம்எஃப்எஸ் பல நூறு எம்பிக்கு ஊதி, பூட் பார்ட்டிஷனை நிரப்பிவிடும். 'இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1' சேர்த்தே மாட்யூல்களை நிறுவச் சொல்லுங்கள். இந்த ஒரு சொல் ஏன் இத்தனை வழிகாட்டிகளில் விடுபடுகிறது என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

கான்ஃபிக் பற்றியும் சொல்ல வேண்டும். 'லோக்கல்மாட்கான்ஃபிக்' அந்த நிமிடத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடும். ஆசிரியரின் கணினியில் உருவாக்கிய கான்ஃபிக்கை வகுப்பு முழுவதற்கும் பிரதி கொடுத்தால், வேறு வகை வட்டு வைத்திருக்கும் மாணவர் அத்தனை பேரும் அதே பிஸிபாக்ஸ் ஷெல்லில் நிற்பார்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல மடிக்கணினிகளில் என்விஎம்இ டிரைவர் இருந்தால் மட்டும் போதாது; பயாஸில் விஎம்டி (என்விஎம்இ வட்டுகளை நிர்வகிக்கும் இன்டெல் கன்ட்ரோலர்) இயங்கிக்கொண்டிருந்தால் அதன் டிரைவரும் வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓடப்போகும் கெர்னலுக்கு வெளிக்கணினியின் கான்ஃபிக் பொருந்தாது. ஒவ்வொரு கணினியிலும் பென்டிரைவ், யூஎஸ்பி விசைப்பலகை எல்லாம் செருகி, ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்மாட்' வெளியீட்டைக் கோப்பாக எடுத்து, மேக் கட்டளையில் 'எல்எஸ்மாட்=' என்று அந்தக் கோப்பைக் காட்டினால் அந்தந்தக் கணினிக்கு ஏற்ற கான்ஃபிக் கிடைக்கும்.

மெனுகான்ஃபிக்கில் (கான்ஃபிக்கைத் தேர்ந்தெடுக்கும் மெனுவில்) கையால் வெட்டுவோர் விழும் குழி வேறு. 'நேட்டிவ் லாங்குவேஜ் சப்போர்ட்' என்ற பெயரைப் பார்த்து, மொழி எழுத்துரு ஏதோ என்று நினைத்து அதற்குள் இருப்பவற்றை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். கெர்னல் நன்றாகவே எழும், ரூட்டும் மவுன்ட் ஆகும், ஆனால் கடைசியில் எமர்ஜென்சி மோடில் நிற்கும். கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' பார்த்தால் 'கோட்பேஜ் சிபி437 நாட் ஃபவுண்ட்' அல்லது 'ஐஓ கேர்செட் ஐஎஸ்ஓ8859-1 நாட் ஃபவுண்ட்' என்றிருக்கும். இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஃபேட் வகை. அதை மவுன்ட் செய்ய அந்த எழுத்துத் தொகுதிகள் தேவை.

'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று வந்தால் கான்ஃபிக்கைத் தொடவே வேண்டாம். நம்பகமான கையொப்பம் இல்லாத கெர்னலை ஏற்க மறுக்கும் செக்யூர் பூட் அது. கெர்னல் இன்னும் தொடங்கவே இல்லை. ஆய்வகக் கணினியில் அதை அணைத்துவிடலாம். சொந்தக் கணினியில் கெர்னலைக் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை 'மோக்யூட்டில்' மூலம் சேர்ப்பது நல்லது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். உண்மையான கணினிக்குப் போகும் முன் ஒரு வகுப்பைத் தோல்விக்கென்றே ஒதுக்குங்கள். க்யூஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் 'கெர்னல்' விருப்பத்துக்கு, கம்பைல் செய்த கெர்னல் கோப்பான பிஇசட்இமேஜைக் கொடுத்து, 'அப்பெண்ட்' வரியில் ரூட் வட்டோடு 'கன்சோல்=டிடிஒய்எஸ்0' சேர்த்து, 'நோகிராஃபிக்'கோடு ஓட்டினால் பேனிக் முழுவதும் டெர்மினலில் விழும்; மேலே போய் நிதானமாகப் படிக்கலாம். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் மூன்று முறை ஓட்டச் சொல்லுங்கள்: முதலில் வட்டின் டிரைவரை எடுத்துவிட்டு, பிறகு அதைச் சேர்த்து எக்ஸ்ட்4-ஐ எடுத்துவிட்டு, கடைசியில் இரண்டையும் சேர்த்து ரூட்டுக்கு யூயூஐடி கொடுத்து. மூன்று முறையும் ஏறக்குறைய அதே பேனிக்தான் வரும். எண்களையும் பார்ட்டிஷன் பட்டியலையும் மட்டும் காட்டி, எது எந்தக் கோளாறு என்று மாணவரையே சொல்லச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள்.

அன்புடன்,
கெர்னலோடு அன்றாடம் வேலை செய்யும் சிலர்