திடலுக்குச் சிங்காரவேலர் பெயர் வைக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் திருவல்லிக்கேணிப் பக்கம் மாநகராட்சி விளையாட்டுத் திடல் ஒன்றைச் சீரமைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை பாதிகூட முடியவில்லை, அதற்குள் என்ன பெயர் வைப்பது என்று டீக்கடையில் ஒரே பேச்சு. ஆளுக்கொரு கட்சி, கட்சிக்கொரு தலைவர். என்னைக் கேட்டால் ம. சிங்காரவேலர் பெயரை வைக்கலாம். அவர் இந்த இடத்துக்காரர். 1860இல் அயோத்திக்குப்பத்தில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். அதே குப்பத்துப் பிள்ளைகள்தான் இன்றைக்கும் கடற்கரை மணலில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள், திடல் திறந்ததும் முதலில் ஓடிவரப் போகிறவர்களும் அவர்களே.

நல்ல வருமானம் உள்ள வக்கீல் அவர். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது தன்னுடைய கவுனை எல்லோர் முன்னாலும் கொளுத்திவிட்டு, இனி கோர்ட்டுக்குப் போவதில்லை என்று வெளியே வந்துவிட்டார். அப்போது வயது 61. நம்மில் பலர் பேரப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுகிற வயதில் அவர் தொழிலாளர்களோடு தெருவில் நின்றார். 1923 மே 1 அன்று ஐகோர்ட்டுக்கு எதிரே கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்னொரு கூட்டம் என்று நடத்தி, செங்கொடி ஏற்றி, இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர். 1925இல் மாநகராட்சி உறுப்பினரானார், அதே ஆண்டு கான்பூரில் நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கும் தலைமை தாங்கினார். 1928 ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறைக்குப் போனபோது அவருக்கு 68 வயது.

சரி, கலெக்டர் ஆபீசுக்கே அவர் பெயர் இருக்கிறதே, இன்னும் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது, ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகை. திங்கட்கிழமை மனுவோடு போய்க் காத்திருக்கிற பெரியவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அவர் பிறந்த இடத்துப் பத்து வயதுப் பையனுக்குத் தெரிய வேண்டாமா? கட்சிக்காரர் பெயர் வேண்டாம் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அவர் இந்த நகரத்தின் மாநகராட்சியிலேயே உட்கார்ந்தவர், மாநகராட்சித் திடலுக்கு அதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்.

ஆனால் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனால் பிரயோஜனம் இல்லை. எங்கள் பக்கத்து டாக்டர் நடேசன் சாலையையே பாருங்கள். ஆட்டோக்காரர், பால்காரர், கூரியர் கொண்டுவருகிற பையன் எல்லோரும் தினமும் நடேசன் ரோடு, நடேசன் ரோடு என்கிறார்கள். 1912இல் இதே திருவல்லிக்கேணியில் ஒரு சங்கத்தைத் தொடங்கி, வெளியூரிலிருந்து படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்கவும் சாப்பிடவும் விடுதி நடத்திய டாக்டர் அவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால் திடல் வாசலில் சிங்காரவேலர் யார், என்ன செய்தார் என்று பிள்ளைகள் படிக்கிற மாதிரி நாலு வரி தமிழில் எழுதி வையுங்கள். பழைய புத்தகங்களில் அவர் பெயரோடு வருகிற சாதிப் பட்டம் மட்டும் வேண்டாம். தெருப் பெயர்களில் சாதியை எடுக்கச் சொல்லி எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978லேயே உத்தரவு போட்ட ஊர் இது.

அப்புறம், பெயர் வைத்த கையோடு பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கல்யாணத்துக்கு வருகிற கார்களை நிறுத்தவும் கட்சிக் கூட்டம் போடவும் திடலை விட்டுவிடக் கூடாது. விளக்கு, குடிதண்ணீர், பெண் பிள்ளைகளுக்குப் பூட்டாத கழிப்பறை, இவ்வளவு இருந்தால் போதும்.

திறப்பு விழாவை மே 1 அன்று வைக்கட்டும். வாசல் பலகையில் கவுன்சிலர், எம்.எல்.ஏ., மந்திரி பெயர்களின் எழுத்து சிங்காரவேலர் பெயரைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பதையும் தீர்மானத்திலேயே சேர்த்துவிட்டால் பின்னால் சண்டை இருக்காது.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணி வாசகர் ஒருவர்